காபி ஹவுஸில் ஒரு கேள்வி

1952-ன் தொடக்கம். கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் படித்த புத்தகத்தை நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார் சுகமய் சக்கரவர்த்தி. நண்பர் அமர்த்தியா சென்னுக்கு அப்போது வயது 18. இருவரும் எதிரே இருந்த பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதார மாணவர்கள்.

புத்தகம், அமெரிக்கப் பொருளாதார நிபுணர் கென்னத் ஆரோவின் 'சோஷியல் சாய்ஸ் அண்ட் இண்டிவிஜுவல் வேல்யூஸ்'. முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது. தேர்ந்தெடுக்க மூன்று வாய்ப்புகள் இருந்தாலே போதும். சில நியாயமான நிபந்தனைகளை மீறாமல் மக்களின் விருப்பங்களைப் பொதுமுடிவாக்கும் முறை எதுவும் கிடையாது என்று கணித ரீதியாக நிரூபித்தது அது.

மாணவர்களுக்கு அது வெறும் கணக்காக இல்லை. இருவரும் இடதுசாரிச் சாய்வு உள்ளவர்கள். எதேச்சாதிகாரத்தைக் கண்டு அஞ்சியவர்களும்கூட. ஜனநாயகமே சாத்தியமில்லை என்றால் சர்வாதிகாரிகளுக்கு அல்லவா கொண்டாட்டம்?

அந்தக் கேள்வி சென்னை விடவில்லை. 1970-ல் 'கலெக்டிவ் சாய்ஸ் அண்ட் சோஷியல் வெல்ஃபேர்' எழுதினார். யாருக்கு எது பிடிக்கும் என்ற வரிசையை மட்டும் பார்த்தால் வழி அடைபடும். யாருடைய கஷ்டம் பெரிது என்றும் ஒப்பிட்டால் வழி திறக்கும் என்பது அவர் கண்ட பதில்களில் ஒன்று.

1998-ல் நோபல் பரிசு வந்தது. அதைப் பார்க்க சுகமய் இல்லை, 1990-லேயே காலமாகிவிட்டார். பரிசையொட்டி எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சென் அந்த மதியத்தை மறக்கவில்லை: அந்த ஜன்னல், இளங்குளிர் வெயில், நண்பரின் முகம்.