பாக்கெட்டில் ஆரஞ்சு மிட்டாய்!

"சார், உங்களுக்கு சுகர்!"

லேப் பையன் இதைச் சொன்னபோது எனக்கு வயது 33. லாட்டரியில் பரிசு விழுந்த தோரணையில் சிரித்துக்கொண்டே சொன்னான், பாவி!

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "சோத்தைக் குறைங்க" என்றார்.

ஆபீசில் பக்கத்து சீட் நண்பர் விடுவாரா? "குறைக்கறதென்னப்பா குறைக்கறது... ஒரேயடியா நிறுத்து! மீனு, முட்டை... அவ்ளோதான்!"

காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. கேட்கணுமா? விடியற்காலையிலேயே பையோடு ஆஜர். சங்கரா, மத்தி, நெத்திலி! இட்லிக்கு டாட்டா, சோற்றுக்குப் பெரிய கும்பிடு. தெருப் பூனைகள் என்னைத் தலைவராகவே தேர்ந்தெடுத்துவிட்டன.

நாலாம் நாள் காலை. மாத்திரை போட்டேன், ஒரே ஒரு முட்டை சாப்பிட்டேன், திருவொற்றியூர் ஆபீசுக்குக் கிளம்பினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டது. திடீரென்று குப்பென்று வேர்வை. கை நடுங்குகிறது. கண் இருட்டுகிறது. 'அவ்வளவுதான் கதை' என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு ஆயா.

"இன்னாப்பா, சுகரா? துன்னாம மாத்திர போட்டியா?"

பதிலுக்குக் காத்திராமல், சுருக்குப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய்களை எடுத்து வாயில் திணித்தார். "கடிச்சி முழுங்கு!" பத்து நிமிஷத்தில் உலகம் தெரிந்தது.

சாயங்காலம் டாக்டர் பிடித்துக்கொண்டார். "நீங்க போடற மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். எங்கிட்ட சொல்லாம சோத்தை நிறுத்தினா, சர்க்கரை அதல பாதாளத்துக்குப் போகும். சோறு குறைஞ்சா மாத்திரையையும் குறைக்கணும். அதை நான்தானே செய்யணும்?" என்றார். செய்தார்.

வெட்கமாக இருந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-லேயே சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் அதற்கென்றே ஆஸ்பத்திரி கண்டவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். அப்பேர்ப்பட்ட ஏரியாவில் இருந்துகொண்டு நான் பக்கத்து சீட்டிடம் டியூஷன் போயிருக்கிறேன்!

நம் ஊர்ச் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 60 சதவிகிதத்துக்கு மேல் அரிசி, கோதுமை போன்ற மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. அதை 50 சதவிகித அளவுக்கு இறக்கி, புரதத்தை 20-க்கு ஏற்றினால், புதிதாக வந்த சுகரை அடக்க வாய்ப்பு உண்டு என்று 2022-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கவனியுங்கள் சார்... 'இறக்கு' என்றுதான் சொன்னார்கள். 'ஒழி' என்று சொல்லவில்லை!

இப்போது என் தட்டில் பாதி கீரை, காய். கால் பங்கு மீன். மீதிக் கால் பங்கில், ஆமாம், சோறுதான்! ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டும் மரியாதையாக வருகிறது.

சட்டைப் பையில் எப்போதும் ஐந்து ஆரஞ்சு மிட்டாய். வீட்டுக்குள் நுழைந்ததும் என் நாலு வயசுப் பையன் ஓடிவந்து, "அப்பா, இன்னிக்கு மயக்கம் வரலியே?" என்கிறான்.

என்ன பாசம் என்று உருகாதீர்கள். வராவிட்டால் மிட்டாய் அவனுக்கு!