ஆடு திருடுறதும் விளையாட்டா?

2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமை நம்ம பசங்களும் விளையாடுறாங்க. 1899-ல் அமெரிக்காவில் நடக்கிற கொள்ளைக்கூட்டக் கதை. மேய்ப்பர்களைத் துப்பாக்கியால் மிரட்டி விரட்டிட்டு, ஆட்டு மந்தையை வேலண்டைன் என்கிற ஊருக்கு ஓட்டிப்போய் ஏலத்தில் விக்கணும். திருடலைன்னா கதை நகராது!

"சும்மா கேம்தானே அங்கிள்" என்கிறார்கள். மந்தை போனபிறகு அந்த மேய்ப்பன் வீட்டில் அடுப்பு எரிஞ்சதா? கேம் அதைக் காட்டாது. களவு போன மாட்டை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு நடுகல் நட்டுக் கும்பிட்ட இனம் நாம்.

பெற்றோர்களே, கேமைப் பிடுங்கினால் ஒளிஞ்சு விளையாடுவான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்க: "தம்பி, அந்த ஆடு யாருடையது?" பசங்க அதுக்குப் பதில் சொல்லட்டும். கோபூஜையில் பசுவுக்குப் பழம் ஊட்டுறது அப்புறம்தான்.