தரகும் தூதும்

மனை வணிகத்தில் பெருந்தனம் ஈட்டியவரும், ஜனாதிபதி டிரம்ப்பின் சம்பந்தியுமான சார்லஸ் குஷ்னர், 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க ஸ்தானாபதியாகப் பாரிஸ் சென்றபோது, வியாபாரிக்கு ராஜதந்திரம் தகுமா என்ற வினா எழுந்தது. நமது முத்துக்குளித்துறைக்கு அவ்வினா புதிதன்று.

1513-இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி லிஸ்பனுக்குத் தூதனுப்பிய செட்டி இளைஞர் ஒருவர், அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஜோவான் தா குரூஸ் என்னும் நாமத்தோடு திரும்பி, பின்னாளில் குதிரை வியாபாரியாகக் குமரிக் கரைக்கு வந்தார். முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், உரிமை குறித்த பூசலில் அல்லலுற்றிருந்த பரதவருக்கு, போர்த்துக்கீசியரின் மதத்தைத் தழுவினால் அவர்தம் காவல் கிட்டும் என்று யோசனை கூறியவர் அவரே. பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் போர்த்துக்கீசியரை நாடிக் கொச்சிக்குச் சென்றனர். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். காவல் கிட்டியது மெய். சலாபத்தின் வரி போர்த்துக்கீசியர் கைக்குச் சென்றதும் மெய். கடல்வழி வந்த குதிரைகளுக்கோ போர்த்துக்கீசியரின் தயவு இன்றியமையாததாயிருந்தது. ஆகவே, அந்த யோசனையில் பரதவர் நலன் எத்தனை பங்கு, குதிரையின் ஆதாயம் எத்தனை பங்கு என்று சுமார் 490 ஆண்டுகள் கழிந்தும் எவராலும் பிரித்துரைக்க இயலவில்லை. அந்த இயலாமையே தோஷம்.

வணிகரைத் தூதுக்கு விலக்கவேண்டும் என்பதன்று நமது கட்சி. 1906-இல் வ.உ.சி. நமது தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்கிய சுதேசிக் கப்பல் முயற்சியின் வழியில் பிற்காலத்தில் எழுந்த சிந்தியா கப்பல் கம்பெனியில் பல்லாண்டு பணிபுரிந்த ககன்விஹாரி மேத்தா, 1952 முதல் 1958 வரை வாஷிங்டனில் நமது ஸ்தானாபதியாக விளங்கினார். 1955-இல் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில், நிறபேதம் காரணமாக அவரை வேறிடத்தில் அமரச் சொன்னதற்கு அமெரிக்க அரசே வருத்தம் தெரிவித்தது. அன்று அவமதிக்கப்பட்டவர் ஒரு கப்பல் வணிகர் என்று எவரும் எண்ணவில்லை. பாரத தேசம் என்றே எண்ணினர்.

எனவே, தூதேற்கும் வணிகர் எவராயினும், கப்பலேறுமுன் தமது சொத்து, பங்கு, கடன் அனைத்தையும் பகிரங்கப்படுத்தி, செல்லும் நாட்டோடு தொடர்புள்ள வியாபாரத்தை முற்றத் துறக்கவேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதாக. ஒரு கையில் தரகும் மறு கையில் தூதுமாக நிற்பவரை அனுப்புவதினும், அப்பதவியை வெறுமையாக விட்டுவைப்பதே தேசத்துக்கு நன்று.