கணக்கில் வராத எட்டாவது மகன்



பெத்லகேமில் ஈசாயின் இல்லத்திற்கு இறைவாக்கினர் சாமுவேல் சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். தந்தை தம் மைந்தர் எழுவரையும் ஒருவர்பின் ஒருவராக முன்னிறுத்தினார். உயரமும் தோற்றமும் மிக்க மூத்தவனைக் கண்டதும், இவனே தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று சாமுவேல் எண்ணினார். ஆண்டவரோ எழுவரில் எவரையும் குறிக்கவில்லை. வேறு மகன் உண்டா என்று கேட்ட பிறகே, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளையின் நினைவு தந்தைக்கு வந்தது. பெற்றவரே கணக்கில் சேர்க்காத அந்தப் பிள்ளைதான் தாவீது.

இன்று சாமுவேலின் பணியை நம் பள்ளிகள் செய்ய வேண்டியிருக்கிறது. இத்தனை பிள்ளைகளுள் தனித்திறன் படைத்தவர் யார் எனக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டித் தறிக்கூடங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் உழைக்கும் பெற்றோருக்கு இது வீண் ஆராய்ச்சியன்று. காலத்தில் இனங்காணப்பட்ட பிள்ளை மேற்படிப்புக்குச் செல்கிறது. காணப்படாத பிள்ளை பத்தாம் வகுப்போடு ஆலை வாயிலுக்குச் சென்றுவிடுகிறது.

பள்ளிகள் கையாளும் முதல் வழி தேர்வு. நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய தேர்வுகள் இரண்டு. ஒன்று, 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டத் தேர்வு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவர் இதனை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மனத்திறனுக்கு 90 வினாக்கள், பாட அறிவுக்கு 90 வினாக்கள். தேர்வு பெற்றோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டிற்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695.

மற்றொன்று, தமிழ்நாடு அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. இது ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு உரியது. ஆண்டு வருமானம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுள் மாவட்டத்திற்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் பெறுகின்றனர். நகராட்சி எல்லைக்குள் படிப்போர் இதனை எழுத இயலாது. ஆகவே இது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரப் பிள்ளைகளுக்கன்று. சுற்றுக் கிராமங்களின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கே உரிய வாய்ப்பு.

தொகை சிறிதாயிருக்கலாம். ஆயினும், உழவன் மகளின் பெயர் மாவட்டப் பட்டியலில் இடம்பெறும்போது, அவளுடைய படிப்பை நிறுத்தத் துணியும் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தின் மதிப்பு ரூபாயில் அடங்குவதன்று.

எனினும், தேர்வு மட்டுமே போதுமா? 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் ஒரு பேராய்வைத் தொடங்கினார். அறிவுத்திறன் சோதனையில் மிக உயர்ந்த எண்ணிக்கை பெற்ற 1,500-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய வாழ்வைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அச்சோதனை எழுதியும் எண்ணிக்கை போதாமல் விலக்கப்பட்டவருள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ் என்னும் இரு சிறுவரும் இருந்தனர். முன்னவர் 1956-லும் பின்னவர் 1968-லும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்தைந்நூறு பேரில் ஒருவருக்கும் அப்பரிசு கிட்டவில்லை. அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது தான் அளக்கக் கூடியதை மட்டுமே அளந்தது.

அளவுகோலுக்கு எட்டாததை எட்டுவது ஆசிரியரின் கண். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சென்று குற்றாலத்தை அடைந்தால், அருகே வல்லம் என்னும் சிற்றூர். 1901-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர் சு. சி. பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளை. பிறந்த ஓராண்டிலேயே தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில் தந்தையையும் இழந்தார். படிப்பு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய ஆற்றலை முன்பே கண்டுகொண்டிருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர், தம் சொற்பச் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்த மாணவனுக்காகச் செலவிட்டார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிள்ளை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்களை மலைக்க வைத்த வேரிங்கின் எண்கணிதச் சிக்கலைப் பெரும்பகுதி அவிழ்த்து உலகப்புகழ் பெற்றார். 1950-இல் அமெரிக்காவில் நடக்கவிருந்த கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார். அந்த ஆசிரியரின் கையில் எந்தச் சோதனைத்தாளும் இருக்கவில்லை. பிள்ளையை உற்று நோக்கினார். நோக்கியதோடு நில்லாமல் பணப்பையையும் திறந்தார்.

நம் திருச்சபையிலும் அத்தகைய கண் படைத்தவர் ஒருவர் வாழ்ந்தார். பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு சார்ல்ஸ் ரசீன் 1937-இல் இந்தியா வந்து, பின்னர் சென்னை லொயோலா கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். வட ஆர்க்காட்டுக் கிராமமொன்றில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் அவரிடம் பயின்றவர்கள். அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டி, அவ்விருவரையும் பம்பாய் டாட்டா ஆய்வு நிலையத்திற்கு அனுப்பினார். 1965-இல் அவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. திறமையைக் கண்டால் பாராட்டுவது எளிது. அதற்குரிய அடுத்த வாயிலைக் காட்டுவதே உண்மைத் தொண்டு.

படிப்புத் திறனின் நிலை இதுவாயின், ஓவியத் திறனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வினாத்தாளில் 180 வினாக்கள் கேட்டாலும், பிள்ளையின் விரலில் உள்ள கோடு வெளிப்படாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்த பிள்ளை நம் வீடுகளில் பெறுவது பெரும்பாலும் திட்டுதான். விடுதலைப் பயண நூலில் பெட்சலேல் என்னும் கைவினைஞனை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பியதாகப் படிக்கிறோம். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் கைத்திறனும் ஆவியாரின் கொடையே என்று மறைநூல் கூறும்போது, அதனை வெட்டிவேலை என்று ஒதுக்க நாம் யார்?

கைத்திறனை மதிக்கத் தெரிந்த பூமி இது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கென நாள்தோறும் பச்சை இலைகளாலும் மாதுளம்பூவாலும் கிளி ஒன்றைச் செய்யும் கைகள் இவ்வூரில் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898-1976), நாடகத் திரைச்சீலைகள் வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவர் மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் நாள்காட்டிகளாக அச்சாகித் தென்னாட்டு வீடுகளின் சுவர்களை நிறைத்தன. அம்மாணவர்கள் குருவின் அருகே அமர்ந்து வேலை செய்தே தொழில் கற்றனர். ஓவியத் திறனை இனங்காணும் வழியும் இதுவே: ஒரு நாள் தேர்வைக் கொண்டு முடிவு செய்யாமல், பல மாதங்களாகப் பிள்ளை வரைந்தவற்றைத் தொகுத்து, வரிசையாக வைத்துப் பார்த்தல். வளர்ச்சி தெரிகிறதா, பிறர் காணாததைக் காண்கிறதா, பிழையைத் தானே திருத்துகிறதா என நோக்குதல்.

இத்துறையிலும் வாயில்கள் இல்லாமலில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓவியத்திற்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850-இல் தோன்றிய ஓவியப் பள்ளியின் வழிவந்தது.

அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் தனித்திறனுக்கு மூன்று கூறுகளை வகுத்தார்: சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், புதியன படைக்கும் மனம், எடுத்த வேலையை விடாது முடிக்கும் பற்று. இவற்றுள் முதலாவதைத் தேர்வு ஓரளவு காட்டும். மற்ற இரண்டையும் பிள்ளையோடு வாழ்பவரே காண முடியும். ஆகவே இனங்காணும் பொறுப்பைப் பள்ளியின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று.

பெற்றோரே, எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தலைமை ஆசிரியரை நேரில் கண்டு, மேற்சொன்ன தேர்வுகளுக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். பிள்ளை வரைந்த தாள்களைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடாமல், தேதியிட்டு ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். மகனுக்குக் கேட்பதை மகளுக்கும் கேளுங்கள். ஆசிரியப் பணியிலிருக்கும் சகோதர சகோதரிகளே, ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்கிற்குக் கடன் கொடுக்காதீர்கள். பங்கு மக்களே, கிறிஸ்து பிறப்புக் குடிலை ஆண்டுதோறும் களிமண்ணிலும் வைக்கோலிலும் சமைப்பது எந்தப் பிள்ளையின் கை என்று இம்முறை கவனியுங்கள். கேக்குத் துண்டோடு அனுப்பிவிடாமல், ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளையைக் குடும்பப் பெருமைக்கு அலங்காரமாக்காதீர்கள். பட்டியலில் பெயர் வராத பிள்ளையை அதனோடு ஒப்பிட்டுப் புண்படுத்தாதீர்கள். தாலந்து உவமையில் இரண்டு பெற்றவனுக்கும் ஐந்து பெற்றவனுக்கும் தலைவன் அளித்த பாராட்டு ஒன்றே. கண்டிக்கப்பட்டவன், கொடையை மண்ணில் புதைத்தவன் மட்டுமே. பிள்ளையின் கையிலுள்ள கொடையைக் காணாமலே விட்டுவிடும் பெரியோரும், அதை மண்ணில் புதைப்பதற்கு உதவியவர்களே ஆவர்.

ஈசாயின் வீட்டில் சாமுவேல், கண்முன் நின்ற எழுவரோடு முடித்துக்கொண்டு திரும்பவில்லை. இன்னும் ஒருவன் உண்டா என்று கேட்டார். அவன் வரும்வரை பந்தியில் அமரவும் மறுத்தார். பரிசளிப்பு விழாவில் கைதட்டி முடித்தபின், அந்தக் கேள்வியை நாமும் நம் பள்ளிகளில் கேட்போமாக. வயலில் நிற்கும் பிள்ளையை அழைத்து வர யாராவது ஒருவர் எழுந்து செல்ல வேண்டும்.