இடாப்பிலிருந்து மறைந்த பிள்ளைகளையும் கணக்கிற் சேர்க்கக் கோரும் மகஜர்

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் எமது வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகள் சிலவற்றின் பெற்றார் ஒன்றுகூடி அமைத்த சங்கத்தினர் பணிவுடன் சமர்ப்பிப்பது:



ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பாடசாலைகளைச் சித்தி வீதப்படி நிரைப்படுத்தி ஒரு பட்டியல் வாசிக்கப்படுவதும், அதன் அடிப்பகுதியில் எங்கள் பாடசாலைகளின் பெயர்கள் வழக்கம்போல் வந்து நிற்பதும், அப்பெயர்கள் வாசிக்கப்படும்போது அதிபர்மார் குனிந்த தலை நிமிராமல் அமர்ந்திருப்பதும் தாங்கள் பலமுறை கண்ட காட்சிதான். அந்தப் பட்டியல் பொய்யென்று வாதாட நாங்கள் வரவில்லை. எண்ண வேண்டியவர்களுள் ஒரு பகுதியினரை மாத்திரமே அது எண்ணுகிறது என்பதும், அதனால் நல்ல பாடசாலை எது, நலிந்த பாடசாலை எது என்ற தீர்ப்பே பிறழ்ந்துவிடுகிறது என்பதும் எங்கள் விஞ்ஞாபனம்.

உதாரணத்திற்கு இரு பாடசாலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் தரம் 1 இல் நூறு பிள்ளைகள் சேர்கிறார்கள். முதலாவதில் நாற்பது பேர் மாத்திரம் பரீட்சைக்குத் தோற்றி இருபத்துநான்கு பேர் சித்தியடைகிறார்கள்; இரண்டாவதில், பின்தங்கிய பிள்ளைகளையும் விடாமல் இழுத்துப் பிடித்து எண்பது பேரைத் தோற்றச் செய்து, நாற்பது பேரைச் சித்தியடையச் செய்கிறார்கள். பட்டியலின்படி முதலாவது 60 வீதம். இரண்டாவது 50 வீதம். பிள்ளைகளைக் கைவிட்ட பாடசாலைக்கு மாலையும், கைவிடாத பாடசாலைக்கு விளக்கம் கோரும் கடிதமும் கிடைப்பது எந்தக் கணித சாஸ்திரத்தின் நியாயம்?

எங்கள் சங்க அங்கத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம் பொறுப்பாயிருந்த ஒரு வகுப்பின் இடாப்பைப் பற்றிச் சொல்வார். தரம் 6 இல் முழுப் பக்கமும் நிறைந்திருந்த பெயர்களின்மேல், தரம் 9 தொடங்கும்போதே ஒன்றின்பின் ஒன்றாகச் சிவப்புக் கோடு விழத் தொடங்கிவிடும். ஒரு பையன் கொழும்பில் கடைக்குப் போனான். ஒரு பெண், தாய் வெளிநாடு போனமையால் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நின்றாள். இன்னொருவன் ஏன் வரவில்லை என்று எவரும் விசாரிக்கவே இல்லை. கோடு கிழிப்பதற்கு ஒரு பேனை போதுமாயிருந்தது. காரணம் எழுதுவதற்கு அந்த இடாப்பில் நிரல் இல்லை. ஆகவே, தரம் 1 இலும் தரம் 6 இலும் சேர்ந்தோர் எத்தனை பேர், பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேர், இடையில் விலகியோர் என்ன காரணத்தால் விலகினர் என்ற விபரங்களும் சித்தி வீதத்தின் பக்கத்திலேயே பிரசுரிக்கப்பட வேண்டுமென்பது எங்கள் பிரதான கோரிக்கை.

அடுத்தது, பிள்ளைகள் யாவர் என்னும் விஷயம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இம்மாவட்டச் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். ஆனால் 'தமிழ் மொழிமூலம்' என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் நகரத்து வியாபாரியின் மகனும், லயக் காம்பராவில் மூன்று குடும்பத்து இரைச்சலுக்கிடையே விளக்கடியில் குந்தியிருந்து படிக்கும் கொழுந்தெடுப்பவளின் மகளும் ஒன்றாகவே எழுதப்படுகிறார்கள். இனத்தையும் மொழியையும் எழுதிவிட்டால் பிள்ளையின் ஸ்திதி முழுவதும் தெரிந்துவிட்டதாக அலுவலகங்கள் கருதுவது பழைய பழக்கம். வசிப்பிடம் தோட்டமா நகரமா, பாடசாலைக்கு நடக்கும் தூரம் எவ்வளவு, தாய் தகப்பன் வீட்டில் இருக்கிறார்களா என்பவற்றைப் பதிந்தாலன்றி, எந்தப் பிள்ளைக்கு எது குறைவு என்பது துலங்காது.

தோட்டத்துக் கல்வியின் குறை நேற்று முளைத்ததன்று. தோட்டத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது 1907 ஆம் ஆண்டுச் சட்டம்; 1945 இல் நாடெங்கும் மலர்ந்த இலவசக் கல்வி எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர்வதற்கு மூன்று தசாப்தங்கள் கடந்தன. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பின்னர் சுவீடன் தேசத்து உதவியால் கட்டடங்கள் எழுந்தன; ஜெர்மன் உதவியால் பத்தனையில் ஸ்ரீ பாத கல்விக் கல்லூரி அமைந்தது. இவற்றையெல்லாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். எனினும் கட்டடம் வேறு, அதனுள் நிற்கும் கணித ஆசிரியர் வேறு. தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தபோது, மாதம் 6,000 ரூபாவை அவர்கள் கையிற் கொடுத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தை அவர்கள் தலையில் வைத்தமை, அக்காலத்தில் எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்குத் தகுதியுள்ள ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார், எத்தனை மாதம் இல்லை என்பதும் பெறுபேற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். ஆசிரியரே இல்லாத பாடத்தில் பிள்ளை தோற்றால், அதைப் பிள்ளையின் தோல்வியென்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

உயர்தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பாடசாலைகளிற் பெரும்பாலானவை தரம் 5 உடனோ தரம் 11 உடனோ முடிந்துவிடுகின்றன. விஞ்ஞானப் பிரிவில் தமிழில் கற்க விரும்பும் பிள்ளை, மலையிறங்கிப் பட்டணத்துப் பாடசாலையின் படியேற வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா பின்தங்கிய பதினாறில் ஒன்று. மாவட்டம் பின்தங்கியது என்று ஒப்புக்கொண்ட அரசாங்கம், மாவட்டத்துக்குள்ளே யார் பின்தங்கியிருக்கிறார் என்பதை அளக்கவில்லை. ஒதுக்கப்பட்ட இடங்களில் எத்தனை நகரத்துக்குச் சென்றன, எத்தனை தோட்டத்துக்கு வந்தன என்று கேட்டால், பதில் சொல்லும் ஏடு எங்களுக்கு இதுவரை காட்டப்படவில்லை. அந்தக் கணக்கை வலய மட்டத்திலேனும் ஆரம்பிக்குமாறு வேண்டுகிறோம்.

இறுதியாக, சிறியதென்று தோன்றினும் எங்களுக்கு மிகவும் வலித்த ஒரு விஷயம். மேற்பார்வை அறிக்கைகளில் 'பெற்றாரின் அக்கறையின்மை' என்ற சொற்றொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. பெற்றார் கூட்டமோ கிழமை நாளில், காலை பத்து மணிக்கு வைக்கப்படுகிறது. அந்நேரம் எங்கள் பெண்கள் காலைப் பெரட்டுக்கு நின்று, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையுடன் மலையேறிவிட்டிருப்பார்கள். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பாதியில் இறங்கி வந்தால் அரைப்பேர்தான் விழும். ஒரு நாட்பேரை இழந்து வந்து, 'உங்கள் மகனுக்குக் கணிதம் வரவில்லை' என்று கேட்டுத் திரும்பிய தாயை, மறுமுறை வராததற்காக அக்கறையற்றவள் என்று எழுதுவது தர்மமாகாது. கொழுந்து நிறுத்து முடிந்தபின் மாலை ஐந்து மணிக்கோ, ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டத்தை வையுங்கள். மண்டபத்தில் கதிரைகள் போதாமற் போகும்.

இவ்விஷயங்களை நேரில் விளக்குவதற்கு எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்குப் பேட்டி அளிக்குமாறு வேண்டுகிறோம். அவர்களுள் மூவர் கொழுந்தெடுப்பவர்கள்; ஆதலால் பேட்டிக்குரிய நேரத்தையும் மேற்சொன்னதை மனத்திற்கொண்டு நிர்ணயித்தருள்க.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்