எழுபது வளைவுகள்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆனால், மேலே போய் விடியற்காலையில் வாசலில் நின்று பாருங்கள். பனிமூட்டத்தில் மரம் எது, மிளகுக்கொடி எது என்று தெரியாது. எல்லாம் ஒளியும் நிறமுமாகவே இருக்கும்.

செம்மேட்டில் என் சிநேகிதி வீட்டுக் கூடத்தில் அந்தக் காட்சியைப் போலவே ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஓவியர் கே. ஸி. எஸ். பணிக்கர் இளமையில் தீட்டிய கேரளத்து நீர்வர்ணக் காட்சி ஒன்றின் அச்சுப் பிரதி. கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். நாலடி தள்ளி நின்றால் தென்னைக்கு அடியில் தண்ணீர் பளபளக்கிறது! 1874-ல் மோனேயும் நண்பர்களும் பாரிஸில் கண்காட்சி வைத்தபோது விமர்சகர்கள் கேலி செய்தார்களே, அந்த 'இம்ப்ரெஷனிஸ' பாணியின் சாயல்.

"இவ்வளவு அழகாகப் போட்டவர், பிற்பாடு கட்டமும் எழுத்துமாகக் கிறுக்கிவிட்டாரே!" என்றாள் சிநேகிதி. குரலில் படத்துக்கு மீறிய வருத்தம்.

விஷயம் மெள்ள வெளிவந்தது. அவள் பெண் சென்னையில் ஓவியம் படிக்கிறாள். முன்பெல்லாம் அருவியும் பலாமரமுமாக வரைந்தவள். இந்த லீவுக்குக் கொண்டு வந்ததெல்லாம் கோடுகளும் வட்டங்களுந்தான். இரண்டு நாளாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை!

நான் பணிக்கரின் கதையைச் சொன்னேன். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1957-ல் அதற்கே முதல்வரானவர். இயற்கைக் காட்சிகளிலேயே நல்ல பெயர், அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மனித உருவங்கள், தோட்டங்கள் என்று மாறிக்கொண்டே போய், 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டமும் கணக்குக் குறியும் மலையாள எழுத்தும் படமாயின. நம் நாட்டு ஓவியத்துக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு பாஷை வேண்டும் என்ற தவிப்புத்தான் அது. 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவரும் அவரே.

"வளைவே கூடாதென்றால் காரவள்ளியிலேயே நிற்க வேண்டியதுதானே, அம்மா?" என்றேன்.

சிநேகிதி பதில் சொல்லவில்லை. காப்பி டம்ளரோடு பெண்ணின் அறைக்குள் போனாள். "இந்த வட்டம் என்னடி?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். பழைய படத்தைக் கழற்ற வேண்டாம். பக்கத்திலேயே புதியதற்கும் ஓர் ஆணி அடித்து வையுங்கள்!