வெப்சைட் வீடு மாறிடுச்சு... உங்க லினக்ஸுக்குத் தெரியுமா?

கடையின் வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றியாச்சு. மொபைலில் புதுப் பக்கம் வருகிறது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய பக்கமே வருகிறது. அந்தப் பழைய பக்கத்தில் யாராவது ஆர்டர் போட்டால், அது பழைய சர்வரிலேயே தங்கிவிடும். ஏன் இந்தக் குழப்பம்?

வெப்சைட்டின் பெயரைக் கொடுத்தால், அது இருக்கும் சர்வரின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. ஒவ்வொரு முறையும் விசாரித்தால் நேரமாகும் என்பதால், ஒருமுறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அதுதான் கேச். எவ்வளவு நேரம் என்பதைப் பதிலோடு வரும் 'டிடிஎல்' சொல்லும். 3600 என்றால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம்.

லினக்ஸில் யார் ஞாபகம் வைப்பது?

பெயரைத் தேடித்தரும் ஜிலிப்சி லைப்ரரி தானாக எதையும் சேமிப்பதில்லை. இப்போதைய உபுண்டு, ஃபெடோராவில் 'சிஸ்டம்டி ரிசால்வ்டு' என்ற சர்வீஸ் அந்த வேலையைப் பார்க்கிறது. சில கம்ப்யூட்டர்களில் 'என்எஸ்சிடி' இருக்கும். சிலவற்றில் இரண்டுமே இருக்காது. இதுபோக குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் தனியாக ஒரு கேச் வைத்திருக்கும். இன்டர்நெட் தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிலும் கேச் உண்டு.

என்ன செய்யலாம்?

* சிஸ்டம்டி ரிசால்வ்டு இருந்தால், டெர்மினலில் 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ்' கமாண்டைக் கொடுங்கள். பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள்.

* அப்படியும் மாறவில்லையா? 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலைப் பாருங்கள். அதில் யாராவது பழைய எண்ணை எழுதி வைத்திருந்தால், எத்தனை முறை கேச்சை அழித்தாலும் பலன் இல்லை. வழக்கமாக லினக்ஸ் முதலில் பார்ப்பது அந்த ஃபைலைத்தான்.

* புதுப் பெயரைப் பதிவு செய்யும் முன்பே 'வருதா?' என்று தட்டிப் பார்க்காதீர்கள். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலும் கேச்சில் உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிடலாம். வாடிக்கையாளர் வீட்டுக் கேச்சை நீங்கள் தொட முடியாதே! அதனால் சர்வர் மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். ஏற்கெனவே இருப்பது ஒரு நாளுக்கும் மேல் என்றால், அதற்கேற்ப இன்னும் முன்னதாகவே குறைக்க வேண்டும். மாற்றிய பிறகும் பழைய சர்வரை உடனே அணைக்காமல் ஓரிரு நாள் ஓடவிட்டு, அங்கே ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய முகவரி தேடி வரும் வாடிக்கையாளரும் நம் வாடிக்கையாளர்தானே!